சந்தனத்துக்கு மீசை வரைந்தவர்கள்

ஆண்களுக்கான சென்ட் விற்கும் கண்ணாடி அலமாரிகளில் 'ஸ்பைசி உடி' என்று ஒரு வகை உண்டு. கிராம்பு, பட்டை, மிளகு, ஏலம் போன்ற காரச் சரக்குகளும் சந்தனம், சீடர், வெட்டிவேர் போன்ற மர, வேர் வாசனைகளும் சேர்ந்த கூட்டு அது. அந்தக் குப்பியோடு ஒரு மனிதரையும் சேர்த்தே விற்கிறார்கள். அவருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார். எடுத்த முடிவை மாற்றமாட்டார். கையில் பணம் புழங்கும், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளமாட்டார். பெண்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவர் பார்க்கமாட்டார். மிளகுக்குத் துணிச்சல், சந்தனத்துக்கு நிதானம், சீடருக்குக் கம்பீரம் என்று சரக்கு வாரியாகக் குணங்களும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஆளுமைக்குப் பொருத்தமான சென்ட் எது என்று ஆலோசனை சொல்லும் பத்திகளுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை இந்த மனிதரைத்தான் இளைஞர்களுக்குப் பரிந்துரைக்கின்றன. என் வாதம் இதுதான்: குப்பிக்குள் அப்படி ஒருவர் இல்லை. வாசனை இருக்கிறது, பல சமயம் மிக நல்ல வாசனை. ஆளுமை வெளியிலிருந்து ஒட்டப்பட்டது. ஒட்டியது யார், எந்த ஆண்டில் என்பதைப் பல குப்பிகளுக்குத் தேதியோடு சொல்லவும் முடியும்.

முதல் சாட்சியாக ஷனெல் நிறுவனத்தின் 'எகோயிஸ்ட்' சென்ட்டை எடுத்துக்கொள்ளலாம். ஜாக் போல்ஜ் உருவாக்கி 1990-இல் வெளிவந்தது. பெயருக்குத் தன்னலக்காரன் என்று பொருள். அதன் விளம்பரப் படத்தை எடுத்தவர் ழான்-போல் கூட். பிரான்சின் கடற்கரை ஆடம்பர விடுதி ஒன்றின் முகப்பைப் போல ஒரு பிரம்மாண்ட செட்டை பிரேசிலில் எழுப்பினார்கள். ரோமியோ ஜூலியட் பாலேவுக்காக புரோக்கோஃபியெவ் அமைத்த கனத்த இசை முழங்க, அலங்கார உடை அணிந்த பெண்கள் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து, அந்தப் பெயரையே வசவாகக் கத்திவிட்டுப் படாரென்று கதவைச் சாத்துவார்கள். திட்டு வாங்கும் ஆண் முகம் காட்டுவதே இல்லை. ஒரு கை மட்டும் வந்து குப்பியை மாடத்தில் வைக்கும். விளம்பரக் கலையில் இன்றும் பேசப்படும் படம் அது, பேசப்படத் தகுந்ததும்கூட. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் குப்பியைத் திறந்தால் வருவது என்ன? சந்தனம், பட்டை, கொத்தமல்லி விதை, ரோஜா, வனிலா, கொஞ்சம் புகையிலை. இதமான, இனிப்பான, மடியில் படுக்க வைத்துத் தலையைக் கோதுகிற மாதிரியான வாசனை. இதில் தன்னலம் எந்தச் சரக்கில் இருக்கிறது? ரோஜாவிலா, கொத்தமல்லியிலா?

இந்தக் கேள்விக்கு அந்த நிறுவனத்தின் வரலாறே பதில் சொல்கிறது. 1926-இல், ஷனெல் எண் 5-ஐ உருவாக்கிய அதே எர்னெஸ்ட் போ, 'புவா தெஸீல்' என்ற சென்ட்டைச் செய்தார். அதுவும் சந்தனத்தை நடுவில் வைத்துக் கட்டியதுதான். அது பெண்களுக்கானது. எகோயிஸ்ட்டை அந்தப் பழைய சென்ட்டின் வாரிசாகவே வாசனை விமர்சகர்கள் பார்க்கிறார்கள். ஆக, அறுபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே வீட்டுச் சந்தனம், ஒரு தலைமுறைக்குப் பெண்ணின் நளினமாகவும் இன்னொரு தலைமுறைக்கு ஆணின் திமிராகவும் விற்கப்பட்டிருக்கிறது. இன்னும் சுவையான விஷயம் 1993-இல் நடந்தது. அதே பெயரைச் சூட்டி, அதே வடிவக் குப்பியில், 'பிளாட்டினம் எகோயிஸ்ட்' வந்தது. அதில் சந்தனத்தின் இனிமை இல்லை. லாவெண்டரும் பச்சை இலை வாடையும் கலந்த, சலூனிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தது போன்ற வாசனை. தன்னலக்காரன் என்ற ஆளுமை உண்மையிலேயே அந்த வாசனையிலிருந்து பிறந்தது என்றால், வாசனையைத் தலைகீழாக மாற்றிய பிறகும் பெயர் எப்படிப் பொருந்தும்? சட்டை ஒன்று, உள்ளே ஆள் வேறு. இது தெரிந்தே செய்த வியாபாரம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. வாங்குகிறவருக்கு அது தெரியாமல் போவதுதான் சிக்கல்.

சந்தனத்தை நன்கு அறிந்த நம் பக்கத்துக்கு வந்தால் விஷயம் வேடிக்கையாகவே ஆகிவிடுகிறது. விப்ரோ நிறுவனத்தின் சந்தூர் சோப்பு 1980-களின் நடுவில் சந்தையில் இறங்கியது; சந்தனமும் மஞ்சளும் அதன் அடையாளம். அதன் விளம்பரக் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு: கல்லூரிப் பெண் என்று எல்லோரும் நினைக்கும் ஒருத்தியை நோக்கி ஒரு குழந்தை 'மம்மி' என்று ஓடிவரும். ஷனெல் விளம்பரத்தில் பெண்களைத் தவிக்கவிட்டுப் போகும் காதலன். இங்கே இளமை மாறாத அம்மா. இரண்டும் சந்தனமே. விளம்பரத்துக்கு வெளியே பார்த்தால் அதன் வாழ்க்கை இன்னும் விரிவானது. கல்யாணப் பந்தல் வாசலில் பன்னீரோடும் கற்கண்டோடும் வரும் எல்லோருக்கும் நீட்டப்படும். வளைகாப்பில் கர்ப்பிணியின் கன்னத்திலும் கையிலும் பூசப்படும். மொட்டை அடித்த குழந்தையின் தலையில் குளிரக் குளிரத் தடவப்படும். சாமிக்குக் காப்பாகச் சாத்தப்படும். நாகூரில் சந்தனக்கூடாக ஊர்வலம் போகும். இத்தனை இடங்களில் அதற்கு ஆண் என்றோ பெண் என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் சந்தனத்தோடு சேர்த்தே பல ஆண்டுகள் அச்சான ஒரே ஆணின் பெயர், 2004 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்ட வீரப்பனுடையது. மீசைக்கும் அவரிடம் குறைவில்லை. அந்த வாசனை தரும் ஆளுமை அவர்தான் என்று எந்த சென்ட் நிறுவனமும் சொல்லத் துணியாது.

கிராம்பின் கதை இதைவிடச் சிக்கலானது, சற்றுக் கசப்பானதும்கூட. நம் அப்பாக்கள், தாத்தாக்கள் தலைமுறைக்கு ஆண் வாசனை என்றால் அது ஓல்டு ஸ்பைஸ்தான். சவரம் முடித்துக் கன்னத்தில் தட்டிக்கொள்ளும் அந்தக் கிராம்பு, ஜாதிக்காய், பட்டை நெடி. குப்பியில் பாய்மரக் கப்பல். ஆனால் வில்லியம் லைட்ஃபுட் ஷுல்ட்ஸின் ஷுல்டன் நிறுவனம் அந்தப் பெயரில் 1937-இல் முதலில் வெளியிட்டது பெண்களுக்கான சரக்கு. ஆண்களுக்கானது அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது. கப்பலும் கடலோடியும் வந்து ஏறியதும் ஆண்மையும் ஏறிக்கொண்டது. பிற்பாடு பெண்கள் சரக்கு அந்தப் பெயரிலிருந்து மறைந்தே போனது. இனி 1977-க்கு வாருங்கள். ஈவ் சான் லோரான் நிறுவனம் 'ஓப்பியம்', அதாவது அபினி, என்ற பெயரில் பெண்களுக்கான சென்ட்டை வெளியிட்டது. கிராம்பு, பட்டை, குங்கிலியம் போன்ற பிசின்கள் என்று மூக்கைத் துளைக்கும் காரம். ஆண்கள் அலமாரியில் உறுதி, தன்னம்பிக்கை என்று பெயர் பெற்ற கிராம்பு, பெண்ணின் உடம்புக்கு வந்ததும் மர்மமாகவும் போதையாகவும் ஆபத்தாகவும் 'கீழை நாட்டு' மயக்கமாகவும் மாறியது. அபினியால் சீரழிக்கப்பட்ட வரலாறு உடைய சீன வம்சாவளியினர் அமெரிக்காவில் அந்தப் பெயரை எதிர்த்துப் போராடினார்கள். கார வாசனைகளை 'ஓரியண்டல்' என்ற தலைப்பில் அடுக்கிவந்த வழக்கத்தை, வாசனை வகைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021-இல்தான் கைவிட்டு 'ஆம்பர்' என்று மாற்றினார். கிராம்பை நாம் பிரியாணியில் போடுகிறோம், வெற்றிலையில் குத்துகிறோம், பல் வலித்தால் கடிக்கிறோம். நமக்கு அது கிழக்கும் இல்லை, மர்மமும் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் பொருள். அது ஆணின் உடம்பில் ஒரு குணமும் பெண்ணின் உடம்பில் வேறு குணமும் காட்டுகிறது என்றால், அந்தக் குணங்கள் கிராம்பிலிருந்து வரவில்லை என்பது தெளிவு.

இயற்கைச் சரக்கில் ஆயிரம் மூலக்கூறுகள் கலந்திருக்கும், நூல் பிடித்தாற்போல ஒப்பிட முடியாது என்று யாரேனும் சொல்லக்கூடும். நியாயம்தான். அதற்காகவே ஒற்றை ஆய்வகச் சரக்கு ஒன்றைப் பார்க்கலாம். இன்று ஆண்கள் சென்ட்களில் மரமாக மணப்பது பெரும்பாலும் மரமே இல்லை. இந்தியச் சந்தன மரத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1998-இலேயே அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களில் சேர்த்துவிட்டது. சந்தன வாசனையின் பெரும்பகுதி இப்போது ஆய்வகத்திலிருந்து வருகிறது, மரமாக வருவதில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் நட்டு வளர்த்த தோப்புகளிலிருந்து வருகிறது. ஆய்வகச் சரக்குகளில் பெயர்பெற்ற ஒன்று 'ஐசோ ஈ சூப்பர்'. 1970-களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று உருவாக்கியது. மெல்லிய, சீவிய மரச் சுருள் போன்ற வாசனை. 1992-இல் ஷிசைடோ வெளியிட்ட 'ஃபெமினிதே து புவா'வில் அது தாராளமாக இருந்தது; மரத்தின் பெண்மை என்று பெயரிலேயே எழுதி, பெண்களுக்கு விற்றார்கள். 2006-இல் ஜான்-க்ளோத் எல்லெனா உருவாக்கிய 'தேர் தெர்மெஸ்' சென்ட்டிலும் அது தாராளமாகவே இருந்தது. ஆரஞ்சு, மிளகு, வெட்டிவேரோடு சேர்ந்து, மண்ணில் காலூன்றி நிற்கும் ஆண் என்ற படிமத்தோடு ஆண்களிடம் போனது. அதே 2006-இல் கேசா ஷோன் என்ற ஜெர்மானியர் அந்த ஒற்றைச் சரக்கை மட்டும் கரைத்துக் குப்பியில் அடைத்து 'மாலிக்யூல் 01' என்று வெளியிட்டார். ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை, படிமமும் இல்லை. ஒரு வேதிப்பொருள், மூன்று குப்பிகள், மூன்று பிறவிகள். வாசனையிலிருந்து ஆளுமையைப் படித்துவிடலாம் என்பவர்கள் இந்த மூன்றையும் பெயர் மறைத்து வைத்துவிட்டு, எது ஆண் என்று சொல்லட்டும்.

பெயர் மூக்கை எப்படி ஆள்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றும் இருக்கிறது. 2001-இல் ரேச்சல் ஹெர்ஸும் யூலியா ஃபான் க்ளெஃபும் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாசனையை ஒருமுறை பார்மிசான் சீஸ் என்றும் இன்னொருமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். சீஸ் என்றதும் பிடித்தது. வாந்தி என்றதும் குமட்டியது. அவர்கள் பயன்படுத்திய அமிலக் கலவை இரண்டு முறையும் ஒன்றுதான். அனுபவமும் பெயரைப் போலவே வேலை செய்கிறது. நம்மூர் வலித் தைலங்களில் இருக்கும் விண்டர்கிரீன் வாசனையை 1960-களில் பிரிட்டனில் கேட்டபோது அது பிடிக்காத வாசனைகளின் வரிசையில் நின்றது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் கேட்டபோது மிகவும் பிடித்தவற்றில் ஒன்றாக இருந்தது. பிரிட்டனில் அது மருந்து, அமெரிக்காவில் மிட்டாய். கிராம்புக்கே தனியாக ஒரு ஆய்வு உண்டு. கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜெனால் பல் மருத்துவரின் சிமென்டிலும் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, பல் மருத்துவரிடம் போவதற்கு அஞ்சுபவர்களின் உடம்பு அந்த வாசனைக்கு அச்சத்தையே காட்டியது. அஞ்சாதவர்களுக்கு அது இனிமையாக இருந்தது. துணிச்சலான ஆணின் அடையாளம் என்று கிராம்பு சென்ட்டைப் பூசிக்கொண்டு போகிறவர், எதிரில் இருப்பவருக்குப் பல் பிடுங்கும் நாற்காலியை நினைவூட்டுகிறாரா, மாமன் வீட்டுக் கல்யாண விருந்தையா என்பது அவர் கையில் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது வேதியியலிலிருந்து வருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளின் மூலக்கூறுகள் இலேசானவை, சட்டென்று பறந்துவிடும். சந்தனத்தின் சாந்தலால் கனமானது. மணிக்கணக்கில் தோலைப் பற்றிக்கொண்டிருக்கும். லிமோனினின் மூலக்கூறு எடை 136, சாந்தலாலுக்கு 220. ஆகவே மர வாசனை நிதானத்தையும் உறுதியையும் குறிப்பது வெறும் கற்பனை இல்லை, பொருளின் இயல்பிலேயே அதற்கு வேர் இருக்கிறது என்பார்கள். அழகான வாதம், முதல் பாதி முழு உண்மை. ஆனால் கனத்தையும் நிலைத்து நிற்பதையும் வைத்து ஆளுமையைத் தீர்மானிப்பதென்றால், முதல் பரிசு துணி துவைக்கும் பவுடரில் கலக்கும் செயற்கைக் கஸ்தூரிகளுக்குத்தான் போகவேண்டும். அவற்றில் பரவலான கேலக்ஸோலைடின் எடை 258. சந்தனத்தைவிடக் கனம், துவைத்து உலர்த்திய பிறகும் துணியை விட்டுப் போகாத பிடிவாதம். அதற்கு விளம்பரக்காரர்கள் கொடுத்த ஆளுமை, வெள்ளைத் துணியைக் கொடியில் காயப்போடும் குடும்பத் தலைவி. வனிலாவும் தோலில் நெடுநேரம் நிற்கும். அதற்குக் கிடைத்தது கேக்கும் குழந்தைப் பருவமும். பௌதிக இயல்பு ஒன்றாக இருந்தும் அர்த்தங்கள் இப்படிச் சிதறுவதைப் பார்த்தால், மரத்துக்கும் நிதானத்துக்கும் முடிச்சுப் போட்டது நாம்தான் என்று தெரிகிறது.

சரி, மரபு என்றே வைத்துக்கொள்வோம், மரபு என்றால் பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. வேட்டி கட்டுவதும் மரபுதான். அது ஒரு செய்தியைச் சொல்கிறது, பார்ப்பவர்களும் புரிந்துகொள்கிறார்கள். அதுபோல மிளகும் சந்தனமும் ஆண்மை என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டுவிட்டால் அது உண்மையாகவே ஆண்மையைச் சொல்லத்தானே செய்யும்? இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளக்கூடாது. ஆனால் மரபு வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு: சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பொதுவாக இருக்கவேண்டும், கொஞ்ச காலமாவது மாறாமல் நிற்கவேண்டும். சென்ட் விஷயத்தில் இரண்டுமே தேறுவதில்லை. மனிதனின் மூக்கில் சுமார் நானூறு வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. எந்த இருவரை எடுத்தாலும் அவற்றில் ஏறக்குறைய முப்பது சதவீதம் வேறு விதமாகச் செயல்படுகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலே சொன்ன ஐசோ ஈ சூப்பரைச் சிலரால் நுகரவே முடிவதில்லை. வேட்டி எல்லோர் கண்ணுக்கும் வேட்டியாகவே தெரிகிறது. வாசனை அப்படி இல்லை. இடம் மாறினாலும் மரபு மாறுகிறது. வளைகுடா நாடுகளில் ஆண்கள் ரோஜாவையும் ஊத் எனப்படும் அகிலையும் தயங்காமல் பூசிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய அலமாரியில் ரோஜா பெண்கள் பக்கம். காலம் மாறினாலும் மாறுகிறது. 1980-களின் தொடக்கத்தில் 'கூரோஸ்', 'ட்ரக்கார் நுவார்' என்று அறை முழுக்க நிரம்பும் நெடிதான் ஆண்மை. 1988-இல் 'கூல் வாட்டர்', 1996-இல் 'அக்வா தி ஜியோ' வந்ததும் கடல்நீர் போன்ற தெளிந்த வாடை ஆண்மையாகிவிட்டது. 2015-இல் டியோரின் 'சோவாஜ்' பாலைவனத்தையும் மிளகையும் ஜானி டெப்பையும் முன்னால் நிறுத்தியது. பத்தாண்டுக்கு ஒருமுறை அர்த்தம் மாறும் சொல்லை நம்பி யாரும் கடிதம் எழுதுவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, போட்டுக்கொண்டால் ஒரு தெம்பு வருகிறது, அது போதாதா என்று கேட்பார்கள். இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. கிரெய்க் ராபர்ட்ஸ் குழுவினர் லிவர்பூலில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாசனையும் கிருமி எதிர்ப்புப் பொருளும் உள்ள டியோடரன்ட்டையும், இன்னொரு குழுவுக்கு அவை இரண்டும் இல்லாத ஸ்பிரேயையும் கொடுத்தார்கள். வாசனை கிடைத்தவர்களின் தன்னம்பிக்கை கூடியது. பிறகு இந்த ஆண்களின் காணொளியைப் பெண்களுக்குக் காட்டினார்கள். வாசனை எதுவும் அங்கே கிடையாது. அப்படியும் வாசனைக் குழுவினரே கூடுதல் கவர்ச்சியாகத் தெரிந்தார்கள். புகைப்படத்தைக் காட்டியபோதோ இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது முகம் மாறவில்லை, நடையும் அசைவும் மாறின. இதில் கவனிக்கவேண்டியது, அந்த ஆண்கள் பூசிக்கொண்டது டியோடரன்ட்தான் என்பது. தன்னலக்காரன், கடலோடி, பாலைவன வீரன் என்ற எந்தப் படிமமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தெம்பு உண்மை, அதற்குச் சுத்தமாக மணக்கிறோம் என்ற நினைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது. மேலே ஒட்டிய ஆளுமைக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வாங்குகிறவரின் விருப்பம். அதில்தான் தெம்பே இருக்கிறது என்று நம்ப வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த நம்பிக்கைக்கு விலையும் இருக்கிறது. முதல் விலை, மூக்கைச் சுற்றிப் போட்ட வேலி. சந்தனமும் மிளகும் பிடித்த பெண், ஆண்கள் அலமாரி முன்னால் நின்று யாருக்கு வாங்குகிறாள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தாழம்பூவோ மல்லிகையோ பிடித்த ஆணுக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சம். ஜவ்வாதை அப்பாவும் அம்மாவும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசிய வீடுகளில், அத்தர் குப்பியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தடவிவிட்ட தெருக்களில், இந்தக் கூச்சம் இறக்குமதிச் சரக்கு. இரண்டாவது விலை நம் தட்பவெப்பத்தில் தெரியும். இந்தக் கனத்த காரக் கூட்டுகளைப் பற்றி எழுதப்பட்ட வர்ணனைகள் ஐரோப்பியக் குளிரையும் கம்பளிக் கோட்டையும் மனதில் வைத்தவை. குளிரில் வாசனை மெல்லக் கசியும். அருகே வருபவருக்கு மட்டும் எட்டும். அதனால்தான் அடக்கமான ஆண் என்ற பேச்சே வந்தது. வெயிலில் எல்லா வாசனையும் வேகமாக ஆவியாகும். அக்கினி நட்சத்திரத்தில், கூட்டம் நிரம்பிய தாம்பரம் ரயிலில், அதே குப்பியிலிருந்து நான்கு முறை அடித்துக்கொண்டு ஏறுபவரின் ஆளுமை அடக்கம் என்று பெட்டியில் எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மூன்றாவது, இளைஞர்களிடம் வசூலிக்கப்படும் விலை. நேர்முகத் தேர்வுக்கு இந்த வாசனை, தலைமைப் பண்புக்கு அந்த வாசனை என்று அறிவுரை கேட்டு, முதல் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைக் குப்பிக்குக் கொடுப்பவர்கள் வாங்குவது ஆல்கஹாலில் கரைத்த சில கிராம் வாசனைப் பொருள். குணம் என்று நினைத்து வாங்கியதால் அது தனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவே மறந்துபோகிறார்கள்.

அப்படியானால் வாசனைக்கும் ஆளுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அது விளம்பரம் சொல்லும் திசையில் இல்லை. பிராகாவின் சார்ல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலரை அக்குளில் தாங்களே தேர்ந்தெடுத்த சென்ட்டையும் ஆய்வாளர்கள் கொடுத்த சென்ட்டையும் பூசவைத்து, அந்தக் கலவைகளை வேறு சிலரை முகரவைத்தார்கள். சென்ட்களைத் தனியாக முகர்ந்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பிடித்தன. உடம்பு வாடையோடு கலந்தபோது, அவரவர் தேர்ந்தெடுத்ததே கூடுதலாகப் பிடித்தது. தனக்கு எது பொருந்தும் என்று மூக்குக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, தோலோடு சேர்த்துத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் கடையில் நீட்டும் காகிதத் துண்டு போதாது. மணிக்கட்டில் ஒரு துளி போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மேலே மிதக்கும் மிளகும் ஆரஞ்சும் அடங்கி, மரம் தலைகாட்டும் வரை காத்திருக்க வேண்டும். விற்பனையாளர் சொல்லும் ஆணைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் அதற்குள் மறந்துபோயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியிலிருந்து தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கலாம். ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயர் அச்சிடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் விதித்தது. இங்கே விற்கும் வெளிநாட்டுக் குப்பிகள் பலவற்றிலும் அந்தப் பட்டியல் இருக்கும். யூஜெனால், சின்னமால், லினலூல், லிமோனின், கூமரின். கிராம்பு, பட்டை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், உலர்ந்த புல் ஆகியவற்றில் மணக்கும் பொருட்களின் வேதிப் பெயர்கள் அவை. பெண்கள் அலமாரியில் இருக்கும் குப்பியைத் திருப்பினாலும் பெரும்பாலும் அதே பெயர்கள்தான், வரிசை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.